ஆறு மணி நேரத் தூக்கம் போதுமா?

கேட்டவர் நாற்பது வயதை நெருங்குகிறார். வார நாட்களில் இரவு பன்னிரண்டரை மணிக்குப் படுத்துக் காலை ஆறரைக்கு அலாரம் வைத்து எழுவதாகவும், அதனால் தமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றும், ஆனால் எட்டு மணி நேரம் தூங்காதவர்களுக்கு மாரடைப்பு வரும் என்று படித்ததிலிருந்து கவலையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். ஒரு மனிதனுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் தேவை என்பது அவர் எழுதியுள்ள கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எட்டு என்ற எண்ணுக்கு ஆதாரம் உண்டா என்பது ஒன்று. தாம் தூங்கும் ஆறு மணி நேரம் தமக்குப் போதுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆய்வுகளைக் கொண்டு பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அவரைப் பற்றிய சில விவரங்கள் வேண்டும். அவற்றை அவரே எப்படித் திரட்டிக்கொள்ளலாம் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். பொது மருத்துவம் படித்து, பிறகு தூக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிப்பதிலேயே பல ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியும் தூக்க ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 15 வல்லுநர்கள் கொண்ட ஒரு குழுவை அமைத்து, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைப் பரிசீலித்து 2015ஆம் ஆண்டில் ஒரு பரிந்துரையை வெளியிட்டன. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் வழக்கமாக இரவில் 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்க வேண்டும் என்பதே அது. மேல் வரம்பு எதையும் அக்குழு விதிக்கவில்லை. அதே ஆண்டில் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 18 முதல் 64 வயது வரை 7 முதல் 9 மணி நேரமும், 65 வயதுக்கு மேல் 7 முதல் 8 மணி நேரமும் பரிந்துரைத்தது. எட்டு மணி நேரம் கட்டாயம் என்று இவ்விரண்டில் எதுவும் கூறவில்லை. எட்டு என்பது அந்த வீச்சின் நடுவில் இருப்பதாலும், நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக இருப்பதாலும் பரவிவிட்ட எண். ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுகிற ஒருவர் எட்டை எட்டவில்லையே என்று வருந்துவதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை.

இந்தப் பரிந்துரைகளுக்கு அடிப்படையாக அமைந்தவற்றில் முதல் வகை, லட்சக்கணக்கான மக்களிடம் அவர்கள் தூங்கும் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பின்னர் பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள். அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய தரவுகளை வைத்து 2002இல் வெளிவந்த ஆய்வில், ஏழு மணி நேரம் தூங்குவதாகச் சொன்னவர்களிடையே இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது. அதைவிடக் குறைவாகத் தூங்கியவர்களிடமும் அதிகமாகத் தூங்கியவர்களிடமும் அது கூடியது. இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, குறைவாகத் தூங்குவோருக்கு இறப்பு அபாயம் 12 விழுக்காடும், அதிகமாகத் தூங்குவோருக்கு 30 விழுக்காடும் கூடுதலாக இருப்பதாகக் கணக்கிட்டது. இந்த எண்களைக் கண்டு ஒன்பது மணி நேரம் தூங்குபவர்கள் அஞ்சிவிடக் கூடாது. மனச்சோர்வு, இதயச் செயலிழப்பு, கண்டறியப்படாத மூச்சுத்தடை போன்றவை உள்ளவர்கள் நோயின் காரணமாகவே படுக்கையில் அதிக நேரம் கிடக்கிறார்கள். ஆகவே நீண்ட தூக்கம் நோயைக் கொண்டுவருகிறதா, நோய்தான் நீண்ட தூக்கத்தைக் கொண்டுவருகிறதா என்பதை இவ்வகை ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது என்பது என் கருத்து. குறைந்த தூக்கத்துக்கான 12 விழுக்காடும் ஒரு பெருங்கூட்டத்தின் சராசரிதான். ஆறு மணி நேரம் தூங்குகிற தனி ஒருவருக்கு மாரடைப்பு வரும் என்று அதை வைத்துச் சொல்வது தவறு. அதே வேளையில், அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான தன் அளவுகோல்களில் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு தூக்கத்தின் நேரத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடர்பைப் புறக்கணிப்பதற்கில்லை.

இங்கே இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். மக்கள் தாங்கள் தூங்குவதாகச் சொல்லும் நேரமும், கருவி கொண்டு அளக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. சிகாகோவில் நடுத்தர வயதினரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. அவர்கள் சொன்ன சராசரி 6.8 மணி நேரம். கருவி காட்டியதோ ஏறத்தாழ 6.1 மணி நேரம். பரிந்துரைக்கு ஆதாரமான பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் மக்கள் வாய்மொழியாகச் சொன்ன நேரத்தைக் கொண்டவை. ஆகவே கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் 6 மணி 20 நிமிடம் என்று காட்டுவதைப் பரிந்துரையின் ஏழு மணியோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அந்தக் கருவிகள் தரும் பகுப்பை நான் இன்னும் குறைவாகவே நம்புகிறேன். தூக்கத்தின் நிலைகளை மூளையின் மின்னலைகளைக் கொண்டுதான் முறையாகப் பிரிக்கிறோம். மணிக்கட்டின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துச் செய்வது ஊகமே.

இரண்டாவது வகை ஆதாரம் ஆய்வகச் சோதனைகள். கேட்டவருக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 48 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2003இல் வெளியானது. ஒரு பிரிவினர் இரவுக்கு 4 மணி நேரமும், மற்றொரு பிரிவினர் 6 மணி நேரமும், இன்னொரு பிரிவினர் 8 மணி நேரமும் படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டனர். இது 14 நாட்கள் நீடித்தது. வேறொரு சிறு பிரிவினர் மூன்று இரவுகள் அறவே தூங்கவில்லை. திரையில் ஒளி தோன்றியவுடன் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய சோதனைகளால் அவர்களுடைய கவனம் அளக்கப்பட்டது. நான்கு மணி, ஆறு மணி ஆகிய இரு பிரிவுகளிலும் கவனப் பிழைகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. இரண்டு வார முடிவில் ஆறு மணி நேரக்காரர்களின் நிலையே ஓர் இரவோ அதற்கு மேலோ முழுவதுமாக விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கம் இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்களில் கூடிய கலக்கம் அதன் பிறகு பெரிதாகக் கூடவில்லை என்றே அவர்கள் பதிலளித்தார்கள். திறன் குறைந்துகொண்டே போனது. குறைகிறது என்ற உணர்வு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. ‘எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஐயப்படவில்லை. தெரியவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் தெரியாததால் குறையே இல்லை என்று கொள்ள இந்தச் சோதனை இடம் தரவில்லை.

உடலைப் பற்றிய சோதனைகளும் உண்டு. 1999இல் வெளியான ஆய்வொன்றில், 11 இளைஞர்கள் ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டபோது, ரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கையாளும் அவர்களது உடலின் திறன் தெளிவாகக் குறைந்தது. 2002இல் அதே போன்ற தூக்கக் குறைப்பின் நடுவே ஃப்ளூ தடுப்பூசி போடப்பட்டவர்களுக்கு, பத்து நாள் கழித்து எதிர்ப்பொருள் மற்றவர்களில் பாதிக்கும் குறைவாகவே உண்டாகியிருந்தது. சில வாரங்களில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தூக்கக் குறைவு உடலைத் தொடுகிறது என்பதற்கு இவை உறுதியான சான்றுகள். எனினும் நான்கு மணி நேரம் என்பது கடுமையான குறைப்பு. சோதனை நடந்ததோ சில நாட்கள்தான். ஆறு மணி நேரத் தூக்கத்தோடு பத்து ஆண்டுகள் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை இவற்றிலிருந்து அளவிட்டுச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள்.

நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் போதாது என்பதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. பொருளாதார அறிஞர்கள் சிலர் குறைந்த வருமானமுள்ள 452 பேரைத் தரவுப் பதிவு வேலையில் அமர்த்தி, மணிக்கட்டுக் கருவியால் அவர்களது தூக்கத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. அவர்கள் இரவில் சுமார் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியதோ சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். இரவு முழுவதும் திரும்பத் திரும்ப விழிப்பு வந்துகொண்டிருந்தது. கொசு, புழுக்கம், தெருவின் இரைச்சல், ஒரே அறையில் பலர் படுக்கும் நெருக்கடி ஆகியவற்றோடு இந்நகரில் வாழ்ந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் ஆலோசனையும் ஊக்கமும் தந்து, வீட்டில் தூங்குவதற்கு உதவும் பொருட்களையும் கொடுத்து, இரவுத் தூக்கத்தைச் சராசரியாக 27 நிமிடம் கூட்டினார்கள். ஆனால் அதனால் அவர்களுடைய வேலைத்திறனிலோ சிந்தனையிலோ மனநிலையிலோ கண்டறியத்தக்க மாற்றம் எதுவும் நேரவில்லை. மாறாக, வேலை இடத்திலேயே பிற்பகலில் சிறிது நேரம் அமைதியாகத் தூங்க இடம் கொடுத்தபோது வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன. மூன்று வாரங்களில் கண்டதை வைத்து இரவுத் தூக்கத்தைக் கூட்டுவதால் பயனில்லை என்று முடிவு கட்ட மாட்டேன். கூடுதலாகக் கிடைத்த அந்த 27 நிமிடமும் இடையிடையே அறுபட்ட தூக்கம்தான் என்பதே காரணம் என்று கருதுகிறேன், ஆனால் அதை நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்ல மாட்டேன். என் நோயாளிகளிடம் மணிக்கணக்கைக் கேட்பதற்கு முன் அவர்கள் படுக்கும் இடத்தைப் பற்றி விசாரிப்பது இதனால்தான். ஒரு கொசுவலையும் ஒரு மின்விசிறியும் தரும் நன்மையை மாத்திரை தராத வீடுகள் உண்டு. அந்த வசதியே இல்லாதவர்களிடம் ஒழுங்காகத் தூங்குங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது.

சிலருக்குக் குறைந்த தூக்கமே இயல்பு என்பதும் உண்மை. டெக்2 என்னும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் ஆறு மணி நேரம் அளவே தூங்கி நலமாக இருந்த ஒரு குடும்பத்தினரைப் பற்றி கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். அத்தகையோர் மிக அரிது. அவர்களை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: விடுமுறையிலும் அவர்கள் அதே ஆறு மணி நேரத்தில் தாமாக எழுந்துவிடுவார்கள். நீங்கள் வார நாட்களில் அலாரத்தால் எழுந்து, ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறவர் என்றால் அந்த அரியவர்களில் ஒருவர் அல்லர். பேருந்தில் உட்கார்ந்த சில நிமிடங்களில் கண் செருகுவது, மதிய உணவுக்குப் பின் காப்பி இல்லாமல் வேலை ஓடாதது, சிறு விஷயத்துக்கும் எரிச்சல் வருவது, படித்த பத்தியையே திரும்பப் படிக்க நேர்வது ஆகியவற்றையும் கவனியுங்கள். பத்து நாட்களாவது தொடர்ந்து விடுப்பு கிடைக்கும்போது, இரவில் ஒரே நேரத்தில் படுத்து, அலாரம் இல்லாமல் எழுந்து, நேரத்தைக் குறித்துவாருங்கள். முதல் சில நாட்கள் பழைய பாக்கியைத் தீர்க்க உடல் அதிகம் தூங்கும்; அவற்றை விட்டுவிடுங்கள். அதன்பின் நிலைபெறும் நேரமே உங்கள் தேவைக்கு மிக நெருக்கமானது. அது ஏழேகாலாகவும் இருக்கலாம், எட்டரையாகவும் இருக்கலாம். நான் பார்த்தவரை, ஆறு போதும் என்று நம்பி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏழுக்குக் குறையவில்லை.

எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த நேரத்தில் என்பதும் சேர்ந்தது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. காப்பியிலும் டீயிலும் உள்ள கஃபீன் அதன் வேலையைத் தற்காலிகமாக மறிக்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே பலருக்கு ஐந்து மணி நேரம் அளவு ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக் காப்பி பதினொரு மணிக்கும் உடலில் இருக்கிறது. இதற்கு இணையாக உடலுக்குள் ஓடும் உயிர்க்கடிகாரம் இரவு எது, பகல் எது என்று தீர்மானிக்கிறது. அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் தூங்கினால்தான் தூக்கம் நீடிக்கிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 60,000 பேரின் கருவிப் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளிவந்த ஆய்வு, தூங்கி எழும் நேரத்தின் ஒழுங்கு, தூக்கத்தின் நீளத்தைவிடவும் இறப்பு அபாயத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதாகக் காட்டியது. இதுவும் தொடர்பைக் காட்டுவதே தவிர, காரணத்தை நிறுவுவது அன்று.

வார இறுதியில் தூங்கி ஈடுகட்டலாமா என்பது இன்னும் தீராத கேள்வி. வார நாட்களில் குறைவாகத் தூங்கினாலும் விடுமுறையில் நீண்ட நேரம் தூங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடவில்லை என்று 2018இல் ஒரு ஸ்வீடன் ஆய்வு கூறியது. அடுத்த ஆண்டே வெளிவந்த ஓர் ஆய்வகச் சோதனையோ, வார இறுதித் தூக்கம் வளர்சிதை மாற்றக் கோளாறுகளைத் தடுக்கவில்லை என்றது. கிடைத்தால் தூங்குங்கள், அதையே திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்லிவருகிறேன். இரவு ஷிஃப்டில் வேலை செய்வோரின் நிலை வேறு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இரவுப் பணியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க காரணிகளின் வரிசையில் 2007இல் சேர்த்து, 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. அவர்களுக்கு ஏழு மணி என்ற எண்ணைவிட, பகலில் இருட்டறையும் இடையூறில்லாத படுக்கையும் முதல் தேவை.

ஒரே ஓர் இடத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் எதிர்வினை வேகம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கும் வரம்பே 0.03 விழுக்காடுதான். காலை ஆறரைக்கு எழுந்து, வேலை முடித்து, இரவு பன்னிரண்டு மணிக்கு ஊருக்குக் கார் எடுக்கிற ஒவ்வொருவரும் அந்த 17 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். இதயத்தைப் பற்றிய ஆபத்து வருங்காலத்தில் நேரலாம், நேராமலும் போகலாம். சாலையில் கண் அயர்வதன் ஆபத்து அன்றிரவே இருக்கிறது. தயவுசெய்து அப்படிப் புறப்படாதீர்கள். கண் செருகத் தொடங்கினால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.

இதுவரை சொன்னவை தூங்க முடிந்தும் நேரம் ஒதுக்காதவர்களுக்கு உரியவை. வேறு இரண்டு வகையினருக்கு இவை பொருந்தா. எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுகிறவர், உரத்துக் குறட்டை விடுகிறவர், தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிக்கிறவர் ஆகியோருக்குத் தூக்க மூச்சுத்தடை இருக்கலாம். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் அது ஒளிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்கு இரவுநேரப் பரிசோதனையும், தேவைப்பட்டால், மூச்சுப்பாதை அடைபடாதபடி முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சி-பேப் கருவியும் உண்டு. உடன் படுப்பவரிடம் கேட்டால் பாதி விவரம் கிடைத்துவிடும். மற்ற வகையினர், படுத்தும் தூக்கம் வராதவர்கள். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேலாக இப்படி இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. ஏழு மணி நேரம் தூங்கியாக வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதும், அதற்காகப் படுக்கையில் கூடுதல் நேரம் புரள்வதும் அவர்களுடைய துன்பத்தைக் கூட்டவே செய்யும். படுக்கை நேரத்தைக் குறைத்து, தூக்கத்தைப் பற்றிய அச்சத்தையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. மருந்துக் கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்தானது; சில மாத்திரைகளை நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது.

உங்களைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதிலிருந்து நான் அறிவது இவ்வளவுதான்: படுக்கையில் ஆறு மணி நேரம் இருக்கிறீர்கள் என்றால் உறங்குவது அதைவிடக் குறைவு, எழுப்புவது அலாரம். விடுப்பு வரும்வரை காத்திருக்காமல், படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணியாக முன்னே நகர்த்தி, பதினொன்றரைக்குக் கொண்டுவாருங்கள். எழும் நேரத்தை மாற்ற வேண்டாம். இரண்டு மாதம் இப்படி இருந்தும் விடுமுறை நாட்களில் தூக்கம் நீண்டால், மேலும் அரை மணி முன்னால் படுங்கள். போதிய நேரம் தூங்கியும் பகலில் அயர்ச்சி நீங்கவில்லை என்றால் தூக்கத்தை மட்டும் குறைகூறாமல், ரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் உங்கள் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது இரண்டு வாரங்களுக்கான படுத்த நேரம், எழுந்த நேரம், காப்பி குடித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.